லீப்ஸுக்கு ஒரு நியாயம், பிள்ளைக்கு ஒரு நியாயம்

எட்டாம் வகுப்புப் படிக்கிற மகன் கணக்குக்கு 87 கொண்டுவந்தால் எங்கள் வீட்டில் விசாரணைக் கமிஷன் கூடும். "மிச்சம் பதின்மூண்டும் எங்கை போனது?" இது முதல் கேள்வி. "உன்ரை வகுப்பிலை ஆர் கூட எடுத்தது?" இது அடுத்தது. அதற்குள் ரீவியில் மேப்பிள் லீப்ஸ் ஹொக்கி ஆட்டம் தொடங்கிவிட்டால் பிள்ளை தப்பினான். கமிஷன் தலைவரான என் வீட்டுக்காரர், 1967க்குப் பிறகு ஸ்ரான்லி கோப்பையைத் தொட்டும் பார்க்காத அந்த அணிக்கு முன்னால் அப்படியே உருகிப் போவார். "பரவாயில்லை, அடுத்த வருசம் பாப்பம்."

இந்த ஓரவஞ்சனையைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

லீப்ஸ் கடைசியாகக் கோப்பை எடுத்தபோது அந்த லீக்கில் இருந்ததே ஆறு அணிகள். இன்று 32. அந்த வருடம் இவர் பிறக்கவே இல்லை. வல்வெட்டித்துறையில் இவருடைய அப்பாவுக்குக் கனடா என்றால் பள்ளிக்கூட அட்லஸில் ஒரு நிறம், அவ்வளவுதான். இவர் தொண்ணூறுகளில் வந்து இறங்கியவர். கிரிக்கெட் தவிர வேறு விளையாட்டு அறியாதவர். இன்றைக்கும் 'ஐசிங்' என்று ஏன் விசில் ஊதுகிறார்கள் என்று கேட்டால், பியர் எடுக்கிற சாட்டில் எழும்பிப் போய்விடுவார். ஆனால் துக்கத்தில் மட்டும் முழுப்பங்கு கேட்பார். 2013 மே மாதம் பொஸ்ரனோடு ஏழாவது ஆட்டம், மூன்றாவது பகுதியில் 4க்கு 1 என்று முன்னுக்கு நின்று, கடைசியில் 5க்கு 4 என்று தோற்றார்களே, அதைச் செத்தவீட்டில் கடைசி நேரத்தைச் சொல்லுவதுபோல நிமிடம் நிமிடமாகச் சொல்லுவார். 2021இல் மொன்றியலுக்கு எதிராக 3க்கு 1 என்று இருந்து தொடரைக் கைவிட்டது, 2025இல் புளோரிடாவுடன் முதல் இரண்டும் வென்றுவிட்டு ஏழாவது ஆட்டத்தில் சொந்த மைதானத்திலேயே 6க்கு 1 என்று உதை வாங்கியது, எல்லாம் மனப்பாடம். மகன் பிறந்த திகதியை ஒருக்கால் மாறிச் சொன்னார்.

இந்தத் துக்கம் கொண்டாடப்படுகிற இடம் எங்கள் கராஜ். ஸ்காபரோவில் கார் நிற்பதற்குக் கட்டிய கராஜ்களில் பாதியில் கார் நிற்பதில்லை. ஹீற்றரும் மடக்குக் கதிரைகளும் நாலைந்து ஆண்களும்தான் இருப்பார்கள். முந்தியென்றால் பியர் ஸ்டோர் பூட்டுகிற நேரம் என்று ஒன்று இருந்தது, கூட்டமும் ஒரு அளவோடு கலையும். 2024 செப்ரெம்பர் 5ஆம் திகதியிலிருந்து ஒன்ராறியோவில் மூலைக்கடையிலும் பியர் விற்கலாம், இரவு பதினொரு மணி வரைக்கும். பால் வாங்கப் போகிறவர் பியரோடு வருகிறார். சிலவேளை பாலை மறந்துவிட்டு வருகிறார். எங்கள் முதல்வர் டக் போர்ட் 2018இல் பதவிக்கு வந்த கையோடு விலை குறைக்கத் தேடிப் பிடித்த சாமானும் பியர்தான், ஒரு டொலருக்கு ஒன்று என்று. வாடகையும் கார் காப்புறுதியும் அவருடைய கண்ணில் படவில்லைப் போலும்.

அந்தக் கராஜில் கோல் காப்பாளரை மாற்றுவார்கள், கோச்சரைக் கலைப்பார்கள். இரண்டாவது கான் திறந்ததும் பேச்சு பிள்ளை வளர்ப்புக்குத் திரும்பும். "இந்த நாட்டிலை பிள்ளையளுக்குச் செல்லம் கூடிப்போச்சு." சொல்லுகிறவர்களில் ஒருவராவது ஞாயிறு விடியப்புறம் ஆறு மணிக்கு ஐஸ் அரங்கில் நின்றிருந்தால் நான் வாயைத் திறக்க மாட்டேன். மகன் ஹொக்கி விளையாட வேண்டும் என்று ஆசைப்பட்டது இவர். எழும்புகிறது நான். கண்ணாடியில் ஐஸ் சுரண்டுகிறது நான். வானுக்குள் அந்த ஹொக்கி பையின் நாற்றத்தோடு ரிம் ஹோர்ட்டன்ஸ் வரிசையில் நிற்கிறதும் நான். அங்கே பிள்ளைகள் 7க்கு 0 என்று தோற்றாலும் பயிற்சி கொடுக்கிற மனுசன் ஒவ்வொருவரின் தலைக்கவசத்திலும் தட்டி, நன்றாக விளையாடினாய் என்கிறார். வீட்டுக்கு வந்தால் அப்பா கேட்கிறார், "ஏன் பின்னுக்கு ஓடி வரேல்லை?"

கோடிக்கணக்கில் சம்பளம் வாங்குகிற ஆட்களை ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை.

இவருக்கு ஈரம் இல்லை என்று நான் சொல்லவில்லை. 2025 ஒக்ரோபர் 27ஆம் திகதி புளூ ஜேஸ் லொஸ் ஏஞ்சலஸில் ஆடிய பேஸ்போல் உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம் 18 இன்னிங்ஸ் போனது. ஆறு மணித்தியாலத்துக்கு மேல். இங்கே முடியும்போது விடியப்புறம் மூன்று மணி ஆகப்போகிறது, விடிந்தால் செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம். இரவு ஒன்பதரைக்கு வைபையை நிப்பாட்டுகிற அதே மனுசன் மகனைப் பக்கத்தில் இருத்திப் போர்வை போர்த்தி முழுக்கப் பார்க்க வைத்தார். அதற்குப் பிறகு நவம்பர் 1, ஏழாவது ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் இன்னும் இரண்டே பேரை வெளியேற்றினால் 1993க்குப் பிறகு முதல் உலகத் தொடர் வெற்றி. லொஸ் ஏஞ்சலஸ்காரர் சமப்படுத்தினார்கள், பதினோராவதில் 5க்கு 4 என்று போனது. அப்பாவும் மகனும் சோபாவில் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்கள். அந்த அணைப்பில் பாதி 87க்குக் கிடைத்திருக்கலாம்.

சொல்லிப் பார்த்தேன். "அது வேறை, இது வேறை" என்றார். என்ன வேறை என்று கேட்டேன். "லீப்ஸிலை எனக்கு என்ன உரிமை இருக்கு? இவன் என்ரை பிள்ளை" என்றார். பதில் சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. அதுதான் இன்னும் கூட எரிச்சல்.

இப்போது கராஜ் மூலையில் சேர்கிற வெறும் போத்தல்களும் கான்களும் என் கணக்கு என்று அறிவித்திருக்கிறேன். திருப்பிக் கொடுத்தால் ஒன்றுக்குப் பத்துச் சதம். மகனுக்கு ஸ்கேற்ஸ் திரும்பவும் கட்டையாகிவிட்டது. புதுசு 150 டொலர். எத்தனை போத்தல் வேண்டும் என்று அவனைத்தான் கேட்டேன். தலையைத் தூக்காமலே 1500 என்றான். கராஜில் குடிக்கிற வேகத்தைப் பார்த்தால், லீப்ஸ் அவசரப்பட்டு வெளியேறாமல் இருந்தால், ஏப்ரலுக்குள் சேர்ந்துவிடும் என்றும் சொன்னான்.