முறைவைத்துக் காக்கும் கரை

தொண்டு செய்வதற்கு இரக்க மனம் இருந்தாற் போதும் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. இரக்கம் வேண்டியதுதான். ஆனால் அது மட்டும் போதாது என்பதற்கு, அவுஸ்திரேலியக் கடற்கரைகளில் நூறாண்டுக்கு மேலாக இயங்கிவரும் தொண்டர் உயிர்காப்புக் கழகங்கள் சாட்சி. வயலை விட்டு வந்திருக்கும் நமக்குக் கடற்கரைக் கதை எதற்கு என்று சிலர் கேட்கலாம். குளத்து நீரை முறைவைத்துப் பாய்ச்சிப் பழகியவர்களுக்கு இக்கதை இலகுவில் விளங்கும்.

ஒரு காலத்தில் சிட்னி நகரக் கடற்கரைகளில் பகலிற் குளிப்பது சட்டவிரோதம். 1902 இல் மான்லி என்னுமிடத்துப் பத்திரிகை ஆசிரியர் வில்லியம் கோச்சர் பகிரங்கமாகவே பகலிற் கடலில் இறங்கினார். தடை படிப்படியாகத் தளர்ந்தது. சனம் கடலுக்குத் திரண்டது. பலருக்கு நீச்சல் தெரியாது. கரையிலிருந்து ஆளைக் கடலுக்குள் இழுத்துச் செல்லும் நீரோட்டங்களையும் அவர்கள் அறியார். காப்பாற்ற எவரும் நியமிக்கப்பட்டிருக்கவில்லை. குளிக்க வந்தவர்களே அப்பொறுப்பை ஏற்றனர். 1907 ஜனவரியில் பொண்டாய் கடற்கரையில் 9 வயதுச் சிறுவன் ஒருவனை அவர்கள் மீட்டனர். சில வாரங்களில் அங்கே கழகம் உருவாயிற்று. அச்சிறுவனே 1928 இல் பசிபிக் சமுத்திரத்தை விமானத்திற் கடந்த சார்ள்ஸ் கிங்ஸ்போர்ட் ஸ்மித். அதே 1907 ஒக்டோபரில் கழகங்கள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்தன.

அவர்களுடைய பழைய கருவியைக் கவனியுங்கள். பெரிய உருளையிற் சுற்றிய நீண்ட கயிறு. அதன் நுனியில் இடுப்புப் பட்டி. பட்டியை அணிந்தவர் நீந்திச் செல்வார். கரையில் நிற்போர் கயிற்றை விட்டுக் கொடுத்து, அவர் கை உயர்த்தியதும் இழுப்பார்கள். அவசரப்பட்டு இழுத்தால் மீட்கப் போனவரே நீருக்குள் அமிழ்ந்துபோவார். கடலில் நீந்துபவரின் உயிர் கரையில் நிற்பவரின் பயிற்சியிலே தங்கியிருந்தது. புகழ் என்னவோ நீந்தியவருக்குத்தான்!

1938 பெப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை. பொண்டாயில் அடுத்தடுத்து எழுந்த பேரலைகள் மணல்திட்டில் நின்ற நூற்றுக்கணக்கானோரை ஆழத்துக்கு இழுத்துச் சென்றன. தங்கள் போட்டிக்காகக் கூடியிருந்த தொண்டர்கள் உடனே பாய்ந்தனர். பீதியடைந்தோர் கயிற்றையே பற்றித் தொங்கியதால் மீட்பு சிக்கலாயிற்று. அப்படியிருந்தும் 250 பேருக்கு மேல் மீட்கப்பட்டனர், ஐவர் மாண்டனர். பயிற்சியற்ற நல்லெண்ணம் மட்டுமே அன்று கரையில் நின்றிருந்தால் எத்தனை பேர் திரும்பியிருப்பர்?

இன்று கயிற்றுக்குப் பதிலாக மிதவைகளும் காற்றடைத்த படகுகளும் வந்துவிட்டன. ஒழுங்கு மாறவில்லை. கோடைகால வார இறுதிகளில் யார் எந்த நேரம் காவல் என்று முன்கூட்டியே எழுதி வைக்கிறார்கள். 200 மீற்றர் ஓடி, 200 மீற்றர் நீந்தி, மறுபடி 200 மீற்றர் ஓட வேண்டும், எட்டு நிமிடத்துக்குள். முன்னர் எத்தனை உயிரைக் காத்திருந்தாலும், காவலில் நிற்பவர் ஆண்டுதோறும் தம் தகுதியை மீள நிரூபிக்க வேண்டும். நமது குழுக்களிலோ தலைவர், செயலாளர், பொருளாளர் தெரிவானதும் வேலை முடிந்ததாக எண்ணிவிடுகிறோம். பொதுக்கிணறு இறைக்கும் நாளில் யார் வருவது என்பது எங்கும் எழுதப்படுவதில்லை. பிறகு எப்போதும் வருகிற அதே இரண்டு பேர்தான் வருகிறார்கள்.

அக்கழகங்களிற் குறையில்லை என்று நான் சொல்லவில்லை. நீந்தத் தெரிந்த பெண்களைக் காவற்பணியில் முழு உறுப்பினராக ஏற்க 1980 வரை அவர்களுக்கு மனம் வரவில்லை. அதுவரை பெண்களின் பங்கு பெரும்பாலும் நிதி சேர்ப்பதோடு நின்றது. இன்று அதே கரைகளில் மகளும் தாயும் ஒரே முறைப் பட்டியலில் பெயர் எழுதிக் காவல் நிற்கிறார்கள்.