விளங்கச் சொல்லும் கலையை நம் பிள்ளைகளுக்கு யார் கற்பிப்பது?

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர்ச் சாலைகளில் காலை ஏழு மணிக்கு நின்று பார்த்தால் கல்லூரிப் பேருந்துகளின் வரிசை முடிவதே இல்லை. நசரத்பேட்டை, தண்டலம், வீரராகவபுரம், பருத்திப்பட்டு என்று திரும்பும் திசையெல்லாம் கல்லூரிகள். நம் மஹல்லாப் பிள்ளைகளும் அப்பேருந்துகளில் செல்கின்றனர். அவர்களுள் பலர் தம் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அல்ஹம்துலில்லாஹ், இது பெரிய மாற்றம்.

ஆனால் இறுதியாண்டில் வேலைக்கான நேர்காணல் தொடங்கும்போது ஒரு குறை வெளிப்படுகிறது. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கிய மாணவர், "நீங்கள் செய்த ப்ராஜெக்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்ற எளிய கேள்வியின் முன் தடுமாறுகிறார். செய்தது தெரியும், சொல்லத் தெரியவில்லை. வீட்டில் உடனே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம்: "பிள்ளைக்கு இங்கிலீஷ் வரவில்லை." அடுத்த வாரமே பணம் கட்டி ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிடுகிறோம்.

நோயைச் சரியாகக் கண்டறிந்தோமா? அதே மாணவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, அதே ப்ராஜெக்டைத் தமிழில் ஒரு பக்கம் எழுதச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் அங்கும் தடுமாற்றம்தான். எதை முதலில் சொல்வது, எதை விடுவது, கேட்பவருக்கு எது தெரியாது என்ற ஒழுங்கு அவரிடம் இல்லை. அந்த ஒழுங்கு இல்லாதவருக்கு ஆங்கிலச் சொற்கள் மட்டும் கிடைத்தால், ஒரு மொழியில் தடுமாறியவர் இரண்டு மொழிகளில் தடுமாறுவார், அவ்வளவே.

இக்குறை ஒரே நாளில் உண்டானதன்று. பள்ளியில் நோட்ஸ் பார்த்து மனப்பாடம் செய்தவை நம் பிள்ளைகளின் விடைகள். "ரெஸ்பெக்டட் சார்" என்று தொடங்கும் விடுப்புக் கடிதத்தை ஆறாம் வகுப்பில் மனப்பாடம் செய்தவர், கல்லூரியிலும் அதே கடிதத்தில் நோயின் பெயரை மட்டும் மாற்றி எழுதுகிறார். சொந்தமாக ஒரு பத்தி எழுத வேண்டிய தேவையே அவருக்கு ஏற்பட்டதில்லை.

கல்லூரியும் இதை முழுமையாக ஈடு செய்வதில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021ஆம் ஆண்டுப் பாடத்திட்டத்தில் ஆங்கிலப் பாடம் முதல் இரண்டு பருவங்களில் வருகிறது. அதன்பின் மாணவர் எழுதுவதில் பெரும்பகுதி, பார்த்து எழுதும் லேப் ரெக்கார்டு. 2022 முதல் 'தமிழர் மரபு', 'தமிழரும் தொழில்நுட்பமும்' என்ற இரு பாடங்களும் சேர்க்கப்பட்டுள்ளன. வரவேற்கத்தக்கவை, ஆனால் அவை தமிழரின் வரலாற்றைக் கற்பிப்பவை, தமிழில் எழுதக் கற்பிப்பவை அல்ல. 2022 மார்ச்சில் அரசு தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் திறன் பயிற்சிகளைக் கொண்டுவந்துள்ளது. எனினும் ஒரு மாணவர் எழுதிய பக்கத்தை ஒருவர் அமர்ந்து பொறுமையாகப் படிக்கும் பணியை எந்தத் திட்டமும் தானாகச் செய்துவிடாது.

இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளும் வந்துவிட்டன. ஒரு வரி தட்டினால் பத்துப் பக்க அறிக்கை வருகிறது. எழுதியதைத் திருத்த அவற்றின் உதவியைப் பெறுவதில் தவறில்லை. ஆனால் எழுதுவது என்பது சிந்திப்பதன் மறுபெயர். அதைச் செயலியிடம் ஒப்படைத்தவர் நேர்காணல் அறைக்குள் வெறுங்கையோடு நுழைகிறார்.

நம் குடும்பங்களுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. இப்பகுதிகளில் வீட்டில் உர்தூ, தெருவில் தமிழ், கல்லூரியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகள் பலர். மூன்று மொழிகளைக் கேட்டு வளர்வது பெரும் செல்வம். ஆனால் மூன்றில் ஒன்றிலாவது எழுத்து ஊன்றவில்லையெனில் அச்செல்வம் கைக்கு வராது. தமிழ்நாட்டில் வாழும் நமக்கு அந்த ஒன்று தமிழாக இருப்பதே இயல்பு. உலகியல் பயனும் இதில் உண்டு. டிஎன்பிஎஸ்சி தேர்வுகளில் தமிழ்த் தகுதித் தாளில் குறைந்தது 40 விழுக்காடு பெற வேண்டும் என்பது இப்போதைய விதி. தமிழ்வழியில் பயின்றோருக்கு அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் கிடைக்கிறது. அதே ஆண்டில் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிக்கல் படிப்புகளைத் தமிழ்வழியிலும் தொடங்கியது.

"உலகம் ஆங்கிலத்தில் இயங்கும்போது தமிழில் எழுதி என்ன பயன்?" என்று சிலர் கேட்கலாம். ஆங்கிலம் தேவைதான், அதில் ஐயமில்லை. ஆனால் ஒரு மொழியில் தெளிவாக எழுதப் பழகியவர் அந்தத் தெளிவை அடுத்த மொழிக்கும் எடுத்துச் செல்கிறார். நாகூரில் பிறந்து சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு.மு. இஸ்மாயீல் அவர்களை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் தீர்ப்பெழுதிய அதே கை, கம்பனைப் பற்றித் தமிழில் நூல்கள் எழுதியது. ஒன்று மற்றொன்றுக்குத் தடையாக இருக்கவில்லை.

நம் மார்க்கமும் இதைச் சிறு காரியமாகக் கருதவில்லை. ஃபிர்அவ்னிடம் அனுப்பப்பட்ட மூஸா நபி (அலை) படையையோ பொருளையோ கேட்கவில்லை. தம் நாவின் முடிச்சை அவிழ்த்து, தம் பேச்சு மக்களுக்கு விளங்கும்படி செய்யுமாறு இறைஞ்சினார்கள். குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனை நேர்மையாக எழுதி வைப்பதைப் பற்றியது. ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களை, கடிதப் போக்குவரத்துக்காக வேற்று மொழி ஒன்றைக் கற்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். 'பயான்' என்ற சொல்லை நாம் மேடைப் பேச்சுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம். அதன் பொருளோ தெளிவாக எடுத்துரைத்தல். அது ஆலிம்களுக்கு மட்டும் உரிய திறன் அன்று.

ஆகவே என் யோசனை இது. வாரம் ஒரு நாள், ஞாயிறு அஸருக்குப் பின், மதரஸா அறையில் பத்து மாணவர்கள் ஒன்றரை மணி நேரம் அமரட்டும். மாணவியருக்குத் தனியாக ஓர் அமர்வு. ஒவ்வொருவரும் ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். தலைப்பு வாழ்க்கையிலிருந்து வரட்டும்: எரியாத தெருவிளக்கைப் பற்றி ஆவடி மாநகராட்சிக்கு ஒரு மனு, இந்த வாரம் படித்த பாடத்தைத் தந்தைக்கு விளக்கும் ஒரு கடிதம், கல்வி உதவித்தொகைக்கான ஒரு விண்ணப்பம்.

எழுதியவர் உரக்கப் படிக்கட்டும். கேட்டவர்கள் தமக்கு என்ன விளங்கியது என்று திருப்பிச் சொல்லட்டும். எழுதியவர் நினைத்ததும் கேட்டவர் விளங்கியதும் எங்கே பிரிகின்றனவோ, அங்கேதான் பாடம் இருக்கிறது. பிழைகள் அனைத்தையும் சிவப்பு மையால் நிரப்ப வேண்டாம்; இரண்டை மட்டும் காட்டி, மீண்டும் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரம் அதையே ஆங்கிலத்தில் எழுதட்டும். மேலை நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் எழுத்து மையங்கள் இவ்வாறுதான் இயங்குகின்றன. அங்கே மூத்த மாணவர் இளைய மாணவரின் கட்டுரையைத் தாமே திருத்தித் தருவதில்லை. கேள்வி கேட்டு, எழுதியவரையே திருத்த வைக்கிறார்.

நடத்துவதற்கு ஆள் இல்லையா? ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், வேலைக்குச் செல்லும் பொறியாளர்களும், வங்கி ஊழியர்களும் நம் மஹல்லாக்களில் இருக்கிறார்கள். அவர்களிடம் நாம் நன்கொடை கேட்டிருக்கிறோம், நேரத்தைக் கேட்டதில்லை. ஜமாஅத் நிதியைக் கல்விக் கட்டணத்துக்கே ஒதுக்க வேண்டும் என்போருக்கும் இதில் தடையில்லை. இதற்குத் தேவை தாளும் பேனாவுமே. மேலும், கட்டணம் செலுத்திப் படிக்க வைத்த பிள்ளை தன் தகுதியை எடுத்துரைக்க இயலாமல் வேலையின்றி வீடு திரும்பினால், நாம் கொடுத்த தொகையின் பயனும் பாதியில் நின்றுவிடுகிறது.

பெற்றோர் இதற்காக ஜமாஅத்தின் முடிவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. இரவு உணவின்போது, "இன்று என்ன படித்தாய்? எனக்குப் புரியும்படி சொல்" என்று கேளுங்கள். பொறியியல் படிக்காத தாயே இதற்குச் சிறந்த தேர்வாளர். உம்மாவுக்கு விளங்கும்படி சொல்லப் பழகிய பிள்ளை, இன்ஷா அல்லாஹ், எந்த அதிகாரியின் முன்னும் நாவு கட்டுண்டு நிற்காது.