காலையில் ஆபரேஷன், மாலையில் வீடு!

புற்று நோய்க்கு ஆபரேஷன் என்றால் வாரக் கணக்கில் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும். இது பழைய கதை. அமெரிக்காவில் இன்று பலர் காலையில் ஆபரேஷன் செய்துகொண்டு, மாலையில் வீடு திரும்பி விடுகிறார்கள்! கருப்பை, புராஸ்டேட் சுரப்பி ஆகியவற்றில் வரும் புற்று நோய்க்கு இப்படி நடக்கிறது.

எப்படி முடிகிறது?

வயிற்றை நீளமாகக் கிழிப்பதில்லை. நாலைந்து சிறு துளைகள் மட்டுமே போடுகிறார்கள். ஒரு துளை வழியாகக் கேமரா உள்ளே போகிறது. டாக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே, மெல்லிய கருவிகளால் கட்டியை அகற்றுகிறார். காயம் சிறியது, வலியும் குறைவு. அன்றே எழுந்து நடக்கலாம். நடந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்து குறையும்.

நியூயார்க் நகரில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்று நோய் ஆஸ்பத்திரி, இதற்கென்றே 2016-ல் தனிக் கட்டிடம் திறந்தது. அங்கே 12 ஆபரேஷன் அறைகள் உள்ளன. சிலர் அன்றே போகிறார்கள். சிலர் ஓர் இரவு தங்கிப் போகிறார்கள்.

எல்லாப் புற்று நோய்க்கும் இது பொருந்தாது. கருப்பை வாய்ப் புற்று நோய் உள்ள 631 பெண்களிடம் நடத்திய சோதனையின் முடிவு 2018-ல் வெளிவந்தது. வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்தவர்களில், நாலரை ஆண்டு கழித்தும் 100-க்கு 96 பேர் நோய் திரும்பாமல் இருந்தார்கள். துளை போட்டுச் செய்தவர்களில் 86 பேர்தான்! டாக்டர்கள் திடுக்கிட்டார்கள். பல ஆஸ்பத்திரிகள் அந்த நோய்க்குப் பழைய முறைக்கே திரும்பின.

கிளின்டன் கண்டனம்

சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவதை அமெரிக்கர்கள் ஒரு காலத்தில் வெறுத்தார்கள். 1990-களில், மார்பகத்தை அகற்றிய பெண்களைச் சில மணி நேரத்திலேயே வெளியே அனுப்பினார்கள். காரணம், இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் பணம் கொடுக்க மறுத்ததுதான். 1997-ல் ஜனாதிபதி கிளின்டன் நாடாளுமன்றத்திலேயே இதைக் கண்டித்தார். பல மாநிலங்கள் தடுக்கச் சட்டம் போட்டன.

அன்று கம்பெனி முடிவு செய்தது. இன்று டாக்டரும் நோயாளியும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். படுக்கை காலியானால் ஆஸ்பத்திரிக்கு லாபம் என்பதையும் மறப்பதற்கில்லை.

வீட்டில் யார்?

நோயாளி வீட்டுக்கு வந்தால், நர்சு வேலையும் கூடவே வருகிறது! புராஸ்டேட் ஆபரேஷன் செய்தவருக்குச் சிறுநீர்க் குழாய் சுமார் ஒரு வாரம் இருக்கும். அதை மனைவியோ மகளோ கவனிக்க வேண்டும். காய்ச்சல், ரத்தப் போக்கு, மூச்சுத் திணறல், கால் வீக்கம் இவற்றில் எது வந்தாலும் உடனே டாக்டருக்குச் சொல்ல வேண்டும்.

நியூயார்க் ஆஸ்பத்திரி, வீட்டுக்குப் போனவர்களிடம் சில நாட்களுக்குத் தினமும் கம்ப்யூட்டர் மூலம் கேள்வி கேட்கிறது. வலி எப்படி? வாந்தி உண்டா? பதில் கவலை தருவதாக இருந்தால், நர்சு டெலிபோனில் விசாரிக்கிறார்.

தனியாக வசிப்பவருக்கு அதுவும் போதாது. அவர் அன்று இரவு ஆஸ்பத்திரியிலேயே தங்குவது நல்லது.