ஆராதனை எவருடைய மகிழ்ச்சிக்கு?

தேவாலயத்திலிருந்து வெளியே வருகின்றவர்களிடம் இப்போதெல்லாம் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: "இன்றைக்கு ஆராதனை எப்படி?" "நல்லாயிருந்தது" என்று பதில் வந்தால் நமக்குத் திருப்தி. படம் பார்த்துவிட்டு வருகின்றவரிடமும் இதையே கேட்கின்றோம். கல்யாண வீட்டுப் புரியாணிக்கும் இதே பாராட்டைத்தான் வழங்குகின்றோம். ஆராதனை கடவுளுக்குச் செலுத்தப்படுவது என்றால், அது எப்படியிருந்தது என்று சொல்லவேண்டியவர் அவரல்லவா? நாம் எப்போது நடுவர்களானோம்?

கிழக்கிலங்கைக் கடற்கரைக்கு இக்கேள்வி புதியதன்று. மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்தது 1814இல். மறு ஆண்டே அங்கு மரணமானார். அவரை அனுப்பிய இயக்கத்தின் மூலவர் ஜோன் உவெஸ்லி, 1761இல் சபையார் பாடவேண்டிய முறை குறித்து ஏழு விதிகளை எழுதினார். இறுதி விதியின் சாரம் இதுதான்: பாடுகின்ற ஒவ்வொரு சொல்லிலும் கடவுளை நோக்குங்கள், உங்களையோ பிறரையோ மகிழ்விப்பதைவிட அவரை மகிழ்விக்க நாடுங்கள். கல்முனையில் உவெஸ்லியின் பெயரால் ஒரு பாடசாலையே இருக்கின்றது. அவருடைய அறிவுரையைத்தான் தேடவேண்டியிருக்கின்றது.

"அப்படியானால் மகிழ்ச்சி பாவமா?" என்று சிலர் சீறுவர். இல்லை. தாளங்களோடும் நடனத்தோடும் இறைவனைத் துதிக்கச் சொல்வது சங்கீதப் புத்தகமேயாகும். மிலான் நகரத் தேவாலயத்தில் பாடலைக் கேட்டுக் கண்ணீர் உகுத்த புனித அகுஸ்தீனாரும் இசையை விலக்கச் சொல்லவில்லை. பாடலின் பொருளைவிடப் பாடுகின்ற குரலே தம்மை அதிகம் அசைத்த வேளைகளில் தாம் தவறியதாக மட்டுமே எழுதினார். என் வழக்கு கீபோர்ட்டோடும் டிரம்மோடும் அன்று. "புதிய பாடல்களெல்லாம் கூத்து" என்று முகஞ்சுளித்து, சிறுவயதில் கேட்ட ஞானப்பாட்டும் ஓகனும் மட்டுமே பக்தி என்கின்ற முதியோரும் தேடுவது தங்கள் சுகத்தையே. இருவரின் ரசனைதான் வேறு, நோய் ஒன்றே. மகிழ்ச்சி ஆராதனையின் கனியாக வரலாம். அதைக் கூலியாகக் கேட்பதுதான் தவறு.

இதை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்துகின்றேன்? இந்தக் கடற்கரையின் கதை அப்படிப்பட்டது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள். அன்று இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும்விட அதிக உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறைதான், 10,000க்கும் மேற்பட்டோர். பாண்டிருப்பு, மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுவதும் சாவு வீடுகள். அதற்கு முன்னும் பின்னும் யுத்தம். பின்னர் 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளும் பலியாகினர். இப்படிப்பட்ட மண்ணில், பிள்ளையைக் கடலுக்குக் கொடுத்த தாயொருத்தி கடைசி வாங்கில் அமர்ந்திருக்க, மேடையிலிருந்து ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு "எல்லோரும் சந்தோசமாகக் கைதட்டுங்கள்" என்று கட்டளையிட்டால், அவள் என்ன செய்வாள்? கைகளைத் தட்டி நடிப்பாள். அல்லது அடுத்த வாரம் வரமாட்டாள். சங்கீதங்கள் 150இல் மூன்றிலொரு பங்குக்கும் மேலானவை புலம்பல்கள். அவற்றை ஓரங்கட்டிவிட்டு உற்சாகத்தை மட்டும் பொறுக்கியெடுத்துக்கொண்ட ஆராதனையில் துக்கப்படுகின்றவருக்கு இடமேது?

அயலிலுள்ள முஸ்லிம்களைப் பாருங்கள். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஷாஹுல் ஹமீது ஆண்டகையின் நினைவாகக் கொடியேறும்போது, இது பக்தியா கேளிக்கையா என்ற வாதம் அவர்களிடையேயும் எழுவதுண்டு. ஆனால் ஜனாஸாத் தொழுகையைப் பற்றி அப்படியொரு வாதமில்லை. ருகூவும் சுஜூதும் இல்லாமல், நின்ற நிலையிலேயே சில நிமிடங்களில் முடிகின்ற தொழுகை அது. சமூகத்தில் எவருமே நிறைவேற்றாவிடில் எல்லோருமே குற்றவாளிகளாகின்ற 'பர்ளு கிபாயா' அது. அதற்குச் சென்று திரும்பியவரிடம் "எப்படியிருந்தது?" என்று எவராவது கேட்பாரா? சுகத்துக்காக அன்றிக் கடமைக்காகவும் பிறருக்காகவும் இறைவன்முன் நிற்பதென்றால் என்னவென்று நாம் அவர்களிடம் கற்கலாம்.

நீதியை மறந்தோரின் பாட்டு இறைவனுக்கு வெறும் இரைச்சல் என்று ஆமோஸ் தீர்க்கதரிசி சொல்லி இரண்டாயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாகின்றன. அன்றும் பாடியவர்கள் ரசித்துத்தான் பாடியிருப்பார்கள்.

போதகர்களிடமும் பாடகர் குழுவினரிடமும் நான் கேட்பது அதிகமில்லை. ஞாயிறுதோறும் ஒரு புலம்பல் சங்கீதத்தை வாசியுங்கள். அதன்பின் இசைக்கருவிகள் சற்று மௌனமாக இருக்கட்டும். சபையாரே, வெளியே வந்ததும் "ஆராதனை எப்படி?" என்று கேட்பதை விட்டு, "இன்று வராமற்போனவர் யார்?" என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் அந்த வீட்டுப் படியேறுங்கள்.