போர்டு போச்சாம்ல... அட போங்கய்யா!

"லினக்ஸ் போட்டீங்களா? அப்ப போர்டு போயிருக்கும் சார், மாத்தணும்." டேப்லெட்டைக் கையில வாங்கிக்கூடப் பார்க்கலை, கடைக்காரர் தீர்ப்பு சொல்லிட்டார். வந்துச்சே எனக்கு ஒரு கோபம்!

கதை இதுதான் மக்கா. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது. நம்மகிட்ட இருக்கிறது கீழே விழுந்தாலும் உடையாத, மழையில நனைஞ்சாலும் சாகாத ரகம். ஆனா பழசு, விண்டோஸ் 11 ஏறாது. சரின்னு டெபியன் போட்டேன். யுஎஸ்பில இருந்து அழகா கிளம்புச்சு, நிறுவலும் ஒழுங்கா முடிஞ்சுது. யுஎஸ்பியைப் பிடுங்கிட்டு ஆன் பண்ணினா, பூட் பண்ண எதுவுமே இல்லைன்னு கறுப்புத் திரையில ஒத்தை வரி.

ஐயா, போர்டு செத்திருந்தா அந்த வரியை எழுதினது யாரு? ஆவியா?

லினக்ஸ் தன்னோட பூட்லோடரை 'டெபியன்'ங்கிற ஃபோல்டர்ல வெச்சுட்டு, "நான் இங்கே இருக்கேன்"னு யுஇஎஃப்ஐ ஃபர்ம்வேர்ல பதிவு பண்ணும். ஃபர்ம்வேர் அதை மதிக்கணும், அதுதான் விதி. சில தயாரிப்பாளர்களோட ஃபர்ம்வேர் அந்தப் பதிவை மறந்துரும், இல்லேன்னா கண்டுக்கவே கண்டுக்காது. பூட் ஃபோல்டர்ல பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ-ன்னு ஒரு ஃபைல் இருந்தாத்தான் அதுக்குக் கண்ணு தெரியும். யுஎஸ்பி கிளம்பினது அந்தப் பேர்ல ஃபைல் இருந்ததாலதான். விண்டோஸ் அந்தப் பேர்லயும் ஒரு நகல் போட்டு வெச்சுக்கும், அதனால குட்டு வெளிப்படறதே இல்லை. விண்டோஸை மட்டும் ஓட்டிப் பார்த்துட்டுப் பெட்டியில அடைச்சு வித்தவன் நல்லவன், பழி லினக்ஸ் மேல!

டெபியன் யுஎஸ்பியை மறுபடி சொருகி, மீட்பு முறைக்குப் போனேன். கழற்றக்கூடிய சாதனத்துக்கான பாதையில கிரப்பை நிறுவவான்னு ஒரு தேர்வு அங்கேயே இருக்கு. ஆமான்னேன். அவ்ளோதான், கிளம்பிருச்சு. கேவலம் ஒரு ஃபைல் பேருக்காக நல்ல போர்டு காயலான் கடைக்குப் போயிருக்கும். அப்படி எத்தனை போயிருக்கோ!

கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பண்ண? "வேற டிஸ்ட்ரோ போட்டுப் பாருங்க தல"ன்னு சொல்ற நம்ம ஆளுங்களும் லேசுப்பட்டவங்க இல்லை. எதைப் போட்டாலும் அதே ஃபர்ம்வேர்தானேய்யா படிக்கப்போகுது?

டிஸ்கி: யுஎஸ்பியே கிளம்பலைன்னா அது வேற வியாதியா இருக்கலாம். 2014 வாக்கில வந்த ஆட்டம் டேப்லெட் பலதுல சிப் 64 பிட், ஃபர்ம்வேர் 32 பிட் (என்ன கஞ்சத்தனமோ!). அதுக்கு யுஎஸ்பில பூட்ஐஏ32.இஎஃப்ஐ இருக்கான்னு முதல்ல பாருங்க.