வரைபடத்தில் நம் வீட்டுக்கு என்ன நிறம்?

கடந்த பருவ விடுமுறையில் பாகான் டத்தோ திரும்பியபோது, நிலப் பயன்பாட்டு வரைபடம் ஒன்றைக் கைப்பேசியில் திறந்து பெரியப்பாவிடம் காட்டினேன். "நம்ம லயம் எங்கம்மா இருக்கு?" என்று தேடினார். எங்கள் வீடுகளும் கோயிலும் இருக்கும் இடம் முழுவதும் விவசாயத்திற்கான பச்சை. "அப்ப நாமெல்லாம் செம்பனை மரமா?" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பாகான் டத்தோ 2017-இல் பேராவின் 12-ஆவது மாவட்டமானது. தென்னையும் செம்பனையும் நிறைந்த இந்த மாவட்டத்தில், ஊத்தான் மெலிந்தாங் வழியே இப்போது மேற்குக் கரை நெடுஞ்சாலை செல்கிறது. சாலை வந்தால் நில மதிப்பு ஏறும். விவசாய நிலத்தை வீடமைப்புக்கோ தொழிற்சாலைக்கோ மாற்றும் திட்டங்களும் வரும். அப்போது நம் கருத்தைக் கேட்பார்களா?

1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் இதற்கு இரு கட்டங்களில் வழி செய்கிறது. முதலாவது, ஒரு வட்டாரத்தின் உள்ளூர் திட்டம் வரைவாக இருக்கும் கட்டம். வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, குறைந்தது நான்கு வாரம் ஆட்சேபங்களைப் பெற வேண்டும். யார் வேண்டுமானாலும் எழுதலாம். நில உரிமைப் பத்திரம் தேவையில்லை. நேரில் பேச விரும்புவதாக அதிலேயே கேட்டிருந்தால், விசாரணைக் குழு செவிமடுக்க வேண்டும்.

இரண்டாவது, தனி ஒரு மேம்பாட்டுக்கு அனுமதி கேட்கும் கட்டம். உள்ளூர் திட்டம் இல்லாத இடத்தில், பக்கத்து நில உரிமையாளர்களுக்கு மட்டுமே அறிவிப்பு போகும். அவர்களுக்கு 21 நாள் அவகாசம். தோட்டத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தாலும் நிலம் நம் பெயரில் இல்லையென்றால், அந்தக் கடிதம் நமக்கு வராது. ஆகவே முதல் கட்டத்தைத் தவறவிடக்கூடாது.

கோலாலம்பூருக்குத் திட்டமிடல் சட்டம் வேறு. ஆனாலும் அங்குள்ள தாமான் ரிம்பா கியாரா வழக்கு நமக்குப் பாடம். 2017-இல் தரப்பட்ட மேம்பாட்டு அனுமதியைச் சுற்றுவட்டார மக்கள் எதிர்த்தனர். 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் அதைச் செல்லாததாக்கியது. மக்கள் குரலுக்கு வெற்றிதான். ஆனால், அங்கே நீண்ட வீடுகளில் பல்லாண்டுகளாகக் காத்திருந்த முன்னாள் ரப்பர் தோட்டக் குடும்பங்களுக்கான வீடுகளும் அதே திட்டத்தில்தான் இருந்தன. வழக்காடச் சங்கமும் வசதியும் உள்ளவர்களின் குரல் நீதிமன்றம்வரை எட்டியது. தோட்டக் குடும்பங்களின் காத்திருப்போ நீண்டது.

மாணவர்களே, நம் வேலை இங்குதான் தொடங்குகிறது. மலாய் அறிவிப்பை வாசித்துத் தாத்தா பாட்டிக்குத் தமிழில் சொல்ல நம்மால் முடியும். பாரத்தில் வெறுமனே 'வேண்டாம்' என்று எழுதினால் போதாது. எந்த லாட், அங்கே எத்தனை குடும்பங்கள், கோயிலும் தமிழ்ப்பள்ளியும் எங்கே, அவற்றை எந்தப் பயன்பாடாகக் குறிக்க வேண்டும் என்று எழுத வேண்டும். எழுதியதெல்லாம் ஏற்கப்படும் என்ற உத்தரவாதம் இல்லைதான். எழுதாதது மட்டும் நிச்சயம் பரிசீலிக்கப்படாது.

பெரியப்பாவும் நானும் எங்கள் லயத்தின் லாட் எண்ணைத் தேடி எழுதி வைத்துவிட்டோம். உங்கள் வீட்டின் எண் உங்களுக்குத் தெரியுமா?