ரயிலேறும் பீகார்

சத் பூஜை முடிந்த மறுநாள் முதல் பாட்னா, தானாப்பூர், தர்பங்கா ரயில் நிலையங்களில் கால் வைக்க இடமிருக்காது. டெல்லியின் கட்டுமானப் பணிகளுக்கும், சூரத்தின் விசைத்தறிகளுக்கும், திருப்பூரின் பின்னலாடை ஆலைகளுக்கும் இளைஞர்கள் திரும்புகின்றனர். ஆட்சியாளர்கள் சிறப்பு ரயில்களை அறிவித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றனர்.

பீகார் இளைஞர்களிடம் திறன் இல்லை, ஆகவே வேலை இல்லை என்பது முதலாளித்துவப் பொருளாதார அறிஞர்களின் பழைய பல்லவி. ஊரில் திறனற்றவர் எனப்படும் அதே மனிதர் திருப்பூரில் தையல் எந்திரம் ஓட்டுகிறார். திறன் என்ன, ரயில் பயணத்திலா பிறக்கிறது?

விடுதலையின்போது பீகாரில் முப்பதுக்கும் மேற்பட்ட சர்க்கரை ஆலைகள் இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை மூடப்பட்டுவிட்டன. நிலக்கரியும் இரும்பும் காலடியில் கிடந்தும் தொழில் வளரவில்லை. 1950கள் முதல் 1990களின் தொடக்கம் வரை, இவற்றை நாடெங்கும் ஏறத்தாழ ஒரே விலையில் கிடைக்கச் செய்யும் வகையில் ஒன்றிய அரசு சரக்குக் கட்டணத்தைச் சமப்படுத்தியது. சுரங்கத்தின் அருகில் ஆலை அமைப்பதன் ஆதாயம் இதனால் அழிந்தது. மேற்கு இந்தியாவின் பருத்திக்கு இந்தச் சமப்படுத்தல் இல்லை! 2000ல் ஜார்க்கண்ட் பிரிந்தபோது சுரங்கங்களும் எஃகு ஆலைகளும் அதனுடன் சென்றன. எஞ்சியது வேளாண்மை; நிலமோ உழுபவர் கையில் இல்லை. நிதீஷ் குமார் அரசு தானே அமைத்த பந்தோபாத்யாய நிலச்சீர்திருத்தக் குழு 2008ல் அளித்த அறிக்கையைக் கிடப்பில் போட்டது.

ஊரடங்கில் நடந்தே ஊர் திரும்பியோருக்காக, 2020 ஜூன் 20 அன்று ககாரியா மாவட்டத்தின் தெலிஹார் கிராமத்தை முன்னிறுத்திப் பிரதமர் தொடங்கிய வேலைத் திட்டத்தின் ஆயுள் 125 நாட்கள். பின்னர் மீண்டும் அதே ரயில்கள். ரயில்வேயின் சுமார் 35,000 பணியிடங்களுக்கு 1.25 கோடிப் பேர் விண்ணப்பித்த தேர்வில் குளறுபடி என 2022 ஜனவரியில் பாட்னாவில் போராடிய இளைஞர்களுக்குக் கிடைத்தது தடியடி.

இத்தேக்கத்தால் ஆதாயம் அடைவோர் உண்டு. ஊரில் வேலை இல்லாததால் ஊர்க் கூலி உயர்வதில்லை. ஊர்க் கூலி தாழ்ந்திருப்பதால் தொலைதூர முதலாளி சொன்ன கூலிக்கு ஆள் கிடைக்கிறது. அதைக் காட்டியே அங்குள்ள தொழிலாளியின் கூலியும் அமுக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாக 2023 மார்ச்சில் பொய்க் காணொலிகள் பரப்பப்பட்டபோது இரு மாநிலத் தொழிலாளரையும் மோதவிடும் நோக்கம் வெளிப்பட்டது.

மூடிய ஆலைகளை அரசே ஏற்று நடத்த வேண்டும். காலிப் பணியிடங்களை நிரப்ப வேண்டும். குத்தகை விவசாயிகளின் உரிமையைச் சட்டமாக்க வேண்டும். இந்தக் கோரிக்கைகளைப் பீகார் கிராமங்களில் மட்டுமன்றி, அம்மக்கள் உழைக்கும் ஆலை வாயில்களிலும் தொழிற்சங்கங்கள் எழுப்ப வேண்டும், அவர்களுக்குப் புரியும் மொழியில்.